கடைசி ஐந்து ஹோல்களில் ஆட்டம் ஏன் சரிகிறது? தொழில்முறை கோல்ஃப் வீரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பதிமூன்று ஹோல் வரை நன்றாக வந்தவர், பதினான்கில் ஒரு போகி (ஹோலுக்கு வகுத்த அளவான பாரைவிட ஒரு ஸ்ட்ரோக், அதாவது ஓர் அடி, கூடுதல்), பதினாறில் மூன்று பட் (குழியைச் சுற்றிய கிரீன் புல்தரையில் பந்தை உருட்டும் அடி), பதினெட்டில் தண்ணீருக்குள் ஒரு பந்து என்று முடிக்கிறார். மாலையில் நேரே ரேஞ்சுக்கு (பந்தடித்துப் பழகும் திடலுக்கு) போய் இருட்டும்வரை ஸ்விங்கைத் திருத்துகிறார். மறுநாள் ஆட்டம் இன்னும் மோசமாகிறது. தொழில்முறைக்கு மாறிய முதல் ஓரிரு சீசன்களில் அநேகமாக எல்லா இளைஞர்களிடமும் இதைப் பார்க்கிறேன்.

இந்த வழிகாட்டி அவர்களுக்கும் அவர்களுடைய கேடிகளுக்கும் (பையைச் சுமந்து ஆலோசனை சொல்பவர்கள்) பயிற்சியாளர்களுக்கும். ஸ்விங் நுட்பம் எதுவும் இதில் வராது. நான்கு நாள், 72 ஹோல் போட்டியில் உடலும் மனமும் எங்கே களைக்கின்றன, அதை எந்த வரிசையில் சரிபார்ப்பது என்பது மட்டுமே இங்கே பேச்சு.

1. முதலில் வரிசையைப் பிடியுங்கள்

ஸ்கோர் சரிந்தால் காரணம் தேட வேண்டிய வரிசை இது: தண்ணீர், சாப்பாடு, தூக்கம், வலி, முடிவெடுத்த விதம், பதற்றம், கடைசியில் ஸ்விங். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

வரிசைக்குக் காரணம் உண்டு. முதல் நான்கையும் அளந்து பார்க்கலாம், ஒரே நாளில் சரிசெய்யவும் முடியும். ஸ்விங்கை மாற்ற மாதக்கணக்காகும். நீர் வற்றிய உடம்பு அடித்த ஷாட்டைப் பார்த்து ஸ்விங்கைத் திருத்தினால், இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிட்ட கதைதான்.

அமெரிக்க கோல்ஃப் வீரர் கேசி மார்ட்டின் வழக்கு இதற்கு நல்ல சான்று. காலில் ரத்த ஓட்டக் கோளாறு இருந்த அவர், போட்டியில் நடக்காமல் வண்டியில் போக அனுமதி கேட்டு, அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரை நடத்தும் பிஜிஏ டூர் மீது வழக்குத் தொடுத்தார். 2001இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதில் ஏற்கப்பட்ட உடலியல் நிபுணரின் சாட்சியம்: ஒரு சுற்றுக்கான ஐந்து மைல் நடையில் செலவாவது ஏறத்தாழ 500 கலோரிதான். இவ்வளவு மெதுவான உழைப்பில் வரும் களைப்பில் பெரும்பங்கு மன அழுத்தமும் ஊக்கக் குறைவும். கடும் வெயிலில்கூட, நடையைவிட உடல் இழக்கும் நீர்தான் களைப்புக்கு முக்கியக் காரணம்.

ஆக, களைப்பு இரண்டு வழியாக வருகிறது: ஒன்று நீர், மற்றொன்று மனம். நடந்ததால் கால் ஓய்ந்தது என்பது பல நேரம் காரணமே அல்ல.

2. போட்டிக்குக் கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

டிஜிட்டல் எடை மெஷின், பையில் அடங்கும் ஒரு நோட்டு, நொடி காட்டும் கைக்கடிகாரம், ஓஆர்எஸ் பொட்டலங்கள், நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியல். கருவி என்று இவ்வளவுதான்.

இவற்றைவிட முக்கியம் கேடியுடன் முன்கூட்டியே செய்துகொள்ளும் ஒப்பந்தம். எப்போது தண்ணீர் நீட்டுவார், எப்போது "நில்லுங்க" என்பார், எந்த விஷயத்தில் வாய் திறக்கவே மாட்டார் என்பதைப் போட்டிக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். ஆட்டத்தின் நடுவில் இதைப் பேசினால் அது சண்டையாகத்தான் முடியும்.

3. சொந்த ஊரில் அடிப்படை அளவு எடுங்கள்

குறைந்தது மூன்று வாரம், அழுத்தமில்லாத சாதாரணச் சுற்றுகளில் நான்கு அளவுகளைக் குறித்து வையுங்கள்.

முதலாவது எடை. சுற்றுக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, மிகக் குறைந்த உடையில் நிறுத்துப் பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது.

இரண்டாவது ஸ்கோர். 1–6, 7–12, 13–18 என மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். முன்பாதி, பின்பாதி என்ற வழக்கமான பிரிப்பில் கடைசி ஆறின் சரிவு மறைந்துபோகும்.

மூன்றாவது, ஷாட்டுக்கு எடுக்கும் நேரம். பையிலிருந்து கிளப்பை (கோல்ஃப் மட்டையை) உருவியது முதல் பந்தைத் தொடும்வரை எத்தனை நொடி என்று கேடி பார்க்கட்டும். பந்தடிப்பவர் தானே பார்க்கக் கூடாது. பார்க்கிறோம் என்ற நினைப்பே நேரத்தை மாற்றிவிடும்.

நான்காவது, காலையில் கண் விழித்ததும் நாடித் துடிப்பு. வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு கூடுதலாக இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால், உடம்பு இன்னும் பழைய களைப்பிலிருந்து மீளவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

தவறிய ஷாட்டுகளின் திசையையும் குறியுங்கள். களைத்தால் பந்து எங்கே போகிறது, பதறினால் எங்கே போகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்குக் களைப்பில் இடுப்பு நின்று கை முந்திக்கொள்ளும், இன்னொருவருக்குப் பதற்றத்தில் பிடி இறுகி கிளப் முகம் திறந்தே வரும். இரண்டையும் பிரித்து அறிய உங்கள் நோட்டு மட்டுமே உதவும்.

இங்கே நடக்கும் தவறு: அடிப்படை அளவை போட்டி வாரத்திலேயே எடுக்கத் தொடங்குவது. அப்போது ஏற்கெனவே பதற்றம் கலந்துவிட்டிருக்கும். பிறகு ஒப்பிட எதுவும் இருக்காது.

4. முந்தைய இரண்டு வாரம்: வெயிலுக்கும் பணத்துக்கும் தயாராவது

உடல் வெப்பத்துக்குப் பழக ஏறத்தாழ 10 முதல் 14 நாள் ஆகும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ பயிற்சி எடுத்துவிட்டு, சென்னை நந்தனம் காஸ்மோ மைதானத்தில் ஏப்ரல் மாதம் நேராக வந்து டீயில் (ஹோலின் முதல் பந்தடிக்கும் இடத்தில்) நிற்பவர் முதல் நாளே நீரை இழந்து தவிப்பார். ஒரு வாரமாவது முன்னதாகச் சமவெளிக்கு இறங்குங்கள். முடியாவிட்டால் உள்ளூரிலேயே நடுப்பகல் வெயிலில் தினமும் ஒரு மணி நேரம் நடந்து பழகுங்கள்.

வெளிநாட்டுப் போட்டி என்றால், கடக்கும் ஒவ்வொரு மணி நேர வித்தியாசத்துக்கும் ஏறத்தாழ ஒரு நாள் என்று கணக்கு வையுங்கள். கிழக்கு நோக்கிய பயணம் பெரும்பாலோருக்குக் கடினம்.

பணத்தை இந்தப் பட்டியலில் பார்த்துச் சிலர் ஆச்சரியப்படுவார்கள். நுழைவுக் கட்டணம், ரயில் அல்லது விமானம், தங்கும் அறை, கேடிக்குக் கூலி எல்லாம் கையிலிருந்து போகிறது. ‘கட்’ எல்லையை (இரண்டு சுற்றுக்குப் பின் தொடர்ந்து ஆடத் தேவையான ஸ்கோரை) எட்டாவிட்டால் பொதுவாக வரவு இல்லை. வெள்ளிக்கிழமை மாலை நான்கடி பட் முன்னால் நிற்கும்போது வீட்டு வாடகை நினைவுக்கு வந்தால், அந்தக் கை நடுங்காமல் என்ன செய்யும்? எத்தனை போட்டிக்குக் கையில் பணம் இருக்கிறது, எந்தத் தேதியில் உட்கார்ந்து மறுபடி கணக்குப் பார்ப்பது என்று வீட்டாருடன் பேசி எழுதி வைத்துவிடுங்கள். அந்தத் தேதி வரும்வரை பணத்தைப் பற்றிய முடிவு எதையும் மைதானத்தில் எடுப்பதில்லை என்பது விதி.

5. பயிற்சி நாட்களில் பந்தை எண்ணுங்கள்

போட்டிக்கு வந்து இறங்கியதும் புதியவர்கள் செய்யும் முதல் காரியம் நூற்றுக்கணக்கில் பந்து அடிப்பது. பதற்றத்தைத் தணிக்க அது ஒரு வழியாகத் தோன்றுகிறது. உண்மையில் ஸ்விங்கில் அதிகம் வதைபடுவது கீழ் முதுகும், வலக்கை ஆட்டக்காரருக்கு இடது மணிக்கட்டும். தொழில்முறை வீரர்களிடம் அதிகம் காணப்படும் காயங்களும் இவ்விரண்டில்தான். நான்கு நாளுக்கான முதுகை இரண்டு நாள் முன்பே செலவழிக்கக் கூடாது.

நான் வைத்திருக்கும் அளவு: முதல் சுற்றுக்கு இரண்டு நாள் முன் ஒரு முழுச் சுற்றும் சிறிது ரேஞ்சும். முந்தைய நாள் ஒன்பது ஹோல், அதுவும் பெரும்பாலும் கிரீனைச் சுற்றியே. புரோ-ஆம் (தொழில்முறை வீரர்கள் அமெச்சூர்களுடன் ஆடும் சுற்று) இருந்தால் அதுவே ஐந்து மணி நேரத்துக்கு மேல் போகும், எனவே அன்று வேறு எதுவும் வேண்டாம். முழு ஸ்விங் பந்துகளை எண்ணி எழுதுங்கள். எண்ணாதவர் எல்லோரும் "கொஞ்சம்தான் அடித்தேன்" என்பார்கள்.

6. ஆட்ட நாளில் தண்ணீரும் சாப்பாடும்

இந்தப் பகுதியை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே கடைசி ஆறு ஹோல் மாறும். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டீ டைம் (முதல் பந்தடிக்கும் நேரம்) காலை 7:00 என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 மணிக்குச் சாப்பிட்டு, 6 மணிக்கு உடலைச் சூடேற்றத் தொடங்கி, 7 மணிக்கு முதல் பந்து. பதினாறாவது டீக்கு வரும்போது மணி 11ஐத் தொட்டிருக்கும். அதாவது சாப்பிட்டு ஆறு மணி நேரம். அந்த நேரத்தில் ஒரு அலுவலகக்காரர்கூடப் பசியில் எரிந்து விழுவார். நீங்களோ கிரீனின் சரிவைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

காலையில் இட்லி, முட்டை, வாழைப்பழம் போல எளிதில் செரிப்பதைச் சாப்பிடுங்கள். நெய் மிதக்கும் பொங்கலும் வடையும் ஆட்டம் முடிந்த பிறகு. மைதானத்தில் பசிக்காகக் காத்திருக்காமல் 4, 8, 12, 15 ஆகிய ஹோல்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்: பாதி வாழைப்பழம், ஒரு துண்டு கடலை மிட்டாய், இரண்டு பேரீச்சை. பசி தெரிந்த பிறகு சாப்பிட்டால், அது வேலை செய்வதற்குள் மூன்று ஹோல் போய்விடும்.

தண்ணீருக்கும் அதே முறை. டீ டைமுக்கு இரண்டு மணி நேரம் முன் அரை லிட்டர் அளவு. பிறகு ஒவ்வொரு டீயிலும் இரண்டு மூன்று வாய். நினைவூட்டுவது கேடியின் பொறுப்பு. "தம்பி, ஏழாவது டீ வந்துடுச்சு, ரெண்டு வாய் குடிச்சிட்டு டிரைவரை எடு" (டிரைவர் என்பது அதிகத் தூரம் அடிக்கும் கிளப்) என்று மூத்த கேடி ஒருவர் சொல்வது போல, கிளப்பைக் கையில் கொடுக்கும் முன் பாட்டில் போக வேண்டும். குடித்தால்தான் கிளப் என்று ஆக்கிவிட்டால் மறக்க வழியில்லை.

எவ்வளவு குடிப்பது என்பதை உங்கள் எடைக் குறிப்பு சொல்லும். சுற்றின் முடிவில் எடைக் குறைவு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 70 கிலோ ஆளுக்கு அது 1.4 கிலோ. அதற்கும் குறைவான இழப்பிலேயே பந்து போகும் தூரமும் துல்லியமும் குறைவதை கோல்ஃப் வீரர்களை வைத்துச் செய்த ஆய்வு காட்டியிருக்கிறது. எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள், அதுவும் ஆபத்து. உப்பில்லாத வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கித் தலைவலி, குழப்பம், வாந்தி எல்லாம் வரும்.

வெயில் நாளில் வெறும் தண்ணீரோடு உப்பும் வேண்டும். ஓஆர்எஸ் நல்லது. உப்புப் போட்ட நீர்மோரும் நல்லது. இளநீரை மட்டுமே நம்ப வேண்டாம், அதில் பொட்டாசியம் அதிகம், வியர்வையில் நாம் அதிகம் இழக்கும் சோடியம் குறைவு.

அமெரிக்க வீரர் கென் வென்டூரியின் கதையை இங்கே எப்போதும் சொல்வார்கள். 1964 யூஎஸ் ஓப்பன், கங்ரெஷனல் மைதானம், கொளுத்தும் வெயில், கடைசி நாளில் 36 ஹோல். காலைச் சுற்று முடியும்போதே வென்டூரி தள்ளாடினார். இடைவேளையில் படுக்க வைத்தார்கள். பிற்பகலில் ஒரு மருத்துவர் உப்பு மாத்திரைகளுடன் கூடவே நடந்தார். வென்டூரி வென்றார். பலர் இதிலிருந்து மன உறுதி என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அவரை நிற்க வைத்ததில் கூடவே ஒரு மருத்துவர் நடந்ததற்கும் பெரும்பங்கு உண்டு. அடுத்த ஆண்டிலிருந்து அந்தப் போட்டி நான்கு நாளாக ஆனதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேடியும் குடிக்க வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக் பெண்கள் போட்டியின் முதல் நாள் வெப்பத்தில் ஒரு முன்னணி வீராங்கனையின் கேடி பாதியிலேயே விலக நேர்ந்தது. பையைச் சுமப்பவர் உங்களைவிட அதிகம் வியர்க்கிறார்.

7. மாலை ஆட்டம், மறுநாள் அதிகாலை ஆட்டம்

முதல் இரண்டு நாளில் ஒரு நாள் காலை, ஒரு நாள் பிற்பகல் என்று நேரம் மாறி வரும். பிற்பகல் ஆடி மறுநாள் அதிகாலை ஆடுபவருக்குத்தான் சிக்கல். ஆறு மணிக்கு ஸ்கோர் கார்டில் கையெழுத்துப் போட்டு, மறுநாள் நான்கரைக்கு எழ வேண்டும்.

அன்று மாலை ரேஞ்ச் கிடையாது. உடையை எடுத்து வைப்பது, பை அடுக்குவது, வண்டிக்குச் சொல்வது எல்லாம் காலையிலேயே முடிந்திருக்க வேண்டும். எட்டு மணிக்குச் சாப்பாடு, அதன் பிறகு ஃபோனில் ஸ்கோர்போர்டைத் திறக்கக் கூடாது. கட் எங்கே நிற்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே தூக்கத்தைத் தொலைப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

8. வலியை மூன்று வகையாகப் பிரியுங்கள்

உடல் சூடானதும் மறைந்துவிடும் இறுக்கம் முதல் வகை. அதோடு ஆடலாம்.

ஆட ஆடக் கூடும் வலி இரண்டாவது. அன்றைய சுற்றை முடிக்கலாம், ஆனால் டிரைவரைக் குறைத்து, முழு வேகத்தில் அடிப்பதைத் தவிர்த்து ஆடுங்கள். மாலையில் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

முதுகிலிருந்து காலுக்குள் இறங்கும் வலி, மரத்துப்போதல், இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி மூன்றாவது. அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தால் அது அவசர சிகிச்சை, ஒரு மணி நேரம்கூடத் தள்ளக் கூடாது.

வலி மாத்திரையை விழுங்கிவிட்டு வெயிலில் இறங்குவது பரவலான பழக்கம். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை, நீர் வற்றிய உடலில் சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கும். மருத்துவர் சொல்லாமல் எடுக்க வேண்டாம்.

இங்கே இளைஞர்கள் டைகர் உட்ஸை இழுப்பார்கள். 2008 யூஎஸ் ஓப்பனில், டோரி பைன்ஸில், கால் எலும்பில் அழுத்த முறிவோடும் முழங்காலில் கிழிந்த தசைநாரோடும் 91 ஹோல் ஆடி ராக்கோ மீடியேட்டை வென்றார். உண்மைதான். அதன் பிறகு அறுவை சிகிச்சை செய்துகொண்டு அந்த ஆண்டின் மீதிப் போட்டிகள் அனைத்தையும் இழந்தார் என்பதும் உண்மை. உட்ஸுக்கு அந்த இழப்பைத் தாங்க முடிந்தது. டூர் கார்டை (தொடரில் ஆடும் உரிமையை) காப்பாற்றப் போராடும் ஒருவரால் தாங்க முடியாது.

உடம்பு குறைந்த நாளில் எப்படி ஆடுவது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் இந்திய வீராங்கனை அதிதி அசோக். 2021இல் கோவிட் வந்து உடல் வலு இழந்து, பந்தின் தூரமும் குறைந்த நிலையில் டோக்கியோ போனார். அப்போது அவர் உலகத் தரவரிசையில் 200ஆவது இடம். தூரத்தை இழுத்துப் பிடிக்கப் பார்க்காமல், நீளக் கிளப்புகளால் கிரீனுக்கு வந்து, பட்டிங்கில் சமாளித்தார். 15 அண்டர் (பாரைவிட 15 ஸ்ட்ரோக் குறைவு) எடுத்து, ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக முடித்தார். உடம்பு தராததை ஸ்விங்கிலிருந்து பிடுங்காதீர்கள்.

9. முடிவுகளை முந்தைய நாளே எழுதுங்கள்

களைத்த மூளை முதலில் இழப்பது முடிவெடுக்கும் திறனை. பந்து அடிக்கும் திறன் அதற்குப் பிறகுதான் போகிறது.

1999 பிரிட்டிஷ் ஓப்பன், கார்னூஸ்டி மைதானம். ஜான் வான் டி வெல்டே 72ஆவது ஹோலுக்கு மூன்று ஸ்ட்ரோக் முன்னிலையில் வந்தார். டபுள் போகி (பாரைவிட இரண்டு கூடுதல், அங்கே ஆறு) எடுத்தாலே வெற்றி. டிரைவர் எடுத்தார். அடுத்து 2-அயர்ன் என்ற நீண்ட இரும்பு மட்டையால் கிரீனை நோக்கி அடித்தார். பந்து பார்வையாளர் மேடைக் கம்பியில் பட்டு அடர்ந்த புல்லில் விழுந்தது, அங்கிருந்து பாரி பர்ன் ஓடைக்குள் போனது. ஏழு எடுத்தார், சமநிலையை முறிக்கும் பிளேஆஃபில் பால் லாரி வென்றார். ஒரே ஒரு எளிய அயர்ன் ஷாட்டால் ஓடைக்கு முன்னே நிறுத்தியிருந்தால் ஆட்டம் முடிந்திருக்கும்.

எனவே யார்டேஜ் புக்கில் (மைதானத்தின் தூரக் குறிப்பேட்டில்) 14 முதல் 18 வரை ஒவ்வொரு ஹோலுக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள்: முன்னிலையில் இருந்தால் டீயில் எந்தக் கிளப், பின்தங்கி இருந்தால் எந்தக் கிளப், எந்தப் பக்கம் போகவே கூடாது. மைதானத்தில் அதை மாற்ற வேண்டுமென்றால் கேடியும் ஒப்புக்கொள்ள வேண்டும். காற்று மாறியது போன்ற காரணம் ஒப்புக்கொள்ளத்தக்கது. "நல்லா வருது, அடிச்சிடலாம்" என்பது காரணமே அல்ல.

இன்னொன்று: பரபரப்பில் பந்து வழக்கத்தைவிடத் தூரம் போகும், களைப்பில் குறையும். கடைசி ஹோல்களில் இரண்டும் ஒன்றாக இருக்கும். அடிப்படைக் குறிப்பு இல்லாமல் இதைக் கணிக்க முடியாது.

10. ஷாட்டுக்கு முந்தைய ஒழுங்கு

கிளப்பைத் தேர்ந்த பிறகு ஒரே வரிசை, ஒரே நேரம்: பந்துக்குப் பின்னால் நின்று இலக்கைப் பார்ப்பது, ஒரு மூச்சு, நிலை எடுப்பது, ஒரு முறை இலக்கு, அடி. மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். நீண்டு வெளிவரும் மூச்சு நாடித் துடிப்பைக் குறைக்கும், தோளும் தானாக இறங்கும்.

நேரம் ஏன் முக்கியம்? பதற்றத்தில் சிலர் அவசரப்படுவார்கள், சிலர் பந்தின் மேல் உறைந்து நிற்பார்கள். இரண்டும் நொடிக் கணக்கில் தெரிந்துவிடும். 2019 முதல் விதிப்புத்தகம் ஒரு ஸ்ட்ரோக்குக்கு 40 நொடிக்குள் என்று பரிந்துரைக்கிறது. உங்கள் வழக்கம் 24 நொடி என்றால், 33 ஆகும்போது கேடி சொல்ல வேண்டியது ஒன்றே: "விலகி, திரும்ப வாங்க."

பட்டிங்கில் கூடுதலாக இரண்டு விஷயம். சயன் பைலாக் என்ற உளவியலாளரும் சகாக்களும் செய்த ஆய்வுகளில், தேர்ந்த ஆட்டக்காரர்கள் தங்கள் கையசைவைக் கவனிக்கத் தொடங்கியதும் பட்டிங் கெட்டது. கவனமாக அடிக்கச் சொன்னதைவிட வேகமாக அடிக்கச் சொன்னபோது நன்றாக அடித்தார்கள். புதிதாகக் கற்பவர்களிடம் இது நேர்மாறாக இருந்தது. ஆகவே முக்கியமான பட் முன்னால் "கையை நேராகக் கொண்டுபோ" என்று நினைத்தால், பல ஆண்டுப் பயிற்சியை நீங்களே கலைக்கிறீர்கள்.

கையை நினைக்காமல் வேறு எதை நினைப்பது? கண்ணை வேலைக்கு அமர்த்துங்கள். ஜோன் விக்கர்ஸ் நடத்திய கண்ணசைவு ஆய்வுகளில், நல்ல பட்டிங் உள்ளவர்கள் அடிக்கும் முன் பந்தின் ஒரே புள்ளியில் ஏறத்தாழ இரண்டு நொடி பார்வையை நிறுத்துகிறார்கள், பந்து போன பிறகும் கண் சற்று அங்கேயே நிற்கிறது. களைத்தவரின் கண் ஹோலுக்கும் பந்துக்கும் அலைபாயும். அதைக் கேடியால் பக்கவாட்டில் நின்று பார்க்க முடியும்.

பேர்டி பட்டில் (பாரைவிட ஒரு ஸ்ட்ரோக் குறைவாக முடிக்க உதவும் பட்) பயந்து குறைவாக அடிப்பதையும் கவனியுங்கள். பிஜிஏ டூரின் இருபத்தைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பட்களை ஆராய்ந்து 2011இல் வெளியான போப், ஷ்வைட்ஸர் ஆய்வில், ஒரே தூரத்தில் பார் பட்டைவிட பேர்டி பட் ஏறத்தாழ இரண்டு சதவீதப் புள்ளி குறைவாகவே விழுந்தது. கையில் இருப்பதை இழக்கும் பயம் இருந்தால் கவனம் கூடுகிறது, கூடுதலாகக் கிடைப்பது என்றால் தளர்கிறது. எல்லா பட்டுக்கும் ஒரே ஒழுங்கு என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

11. ஒரு மோசமான ஹோலுக்குப் பிறகு

சுற்றில் பெரும்பகுதி நேரம் நடைதான். அந்த நேரத்தில் மனத்தை எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் பதற்றத்தின் அளவைத் தீர்மானிக்கிறது.

கேடி பையைத் தூக்கியதும் முப்பது அடி தூரம் நடக்கும்வரை கோபப்படலாம். அதன் பிறகு பேச்சு வேறு எதைப் பற்றியாவது: இரவு சாப்பாடு, கிரிக்கெட், எதுவானாலும் சரி. அடுத்த பந்தை நெருங்கும்போது மறுபடி ஆட்டம். ஐந்து மணி நேரமும் இடைவிடாமல் கவனத்தைப் பிடித்து வைக்க யாராலும் முடியாது. முயல்பவர் பதினைந்தாவது ஹோலில் காலியாகிவிடுவார்.

1996 மாஸ்டர்ஸில் ஆறு ஸ்ட்ரோக் முன்னிலையோடு கடைசி நாளைத் தொடங்கிய கிரெக் நார்மன் 78 அடித்து, நிக் ஃபால்டோவிடம் ஐந்து ஸ்ட்ரோக்கில் தோற்றார். சரிவு ஒரே ஷாட்டில் வருவதில்லை. முந்தைய ஹோலைச் சுமந்துகொண்டு அடுத்த டீக்கு வருவதில் வருகிறது.

12. சுற்று முடிந்ததும்

ஸ்கோர் கார்டைச் சரிபார்த்துக் கொடுங்கள், எடை பாருங்கள், சாப்பிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் நோட்டைத் திறக்க வேண்டும். 13–18இல் இழந்த ஸ்ட்ரோக்குகளை எடுத்து, முதல் பகுதியில் சொன்ன வரிசையில் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அந்த வரிசையின் முதல் ஆறு காரணங்களில் எங்காவது விடை கிடைத்துவிட்டால் ரேஞ்சுக்குப் போகத் தேவையில்லை. எதிலும் கிடைக்காவிட்டால் மட்டும் இருபது பந்து, ஒரே ஒரு திருத்தம்.

13. கை உதறல், மாத்திரை

குறும் பட்டில் கை திடீரென வெட்டி இழுப்பதை யிப்ஸ் என்கிறார்கள். இதில் இரண்டு வகை உண்டு. போட்டியில் மட்டும் வந்தால் பெரும்பாலும் பதற்றம், விளையாட்டு உளவியலாளர் உதவுவார். தனியாகப் பயிற்சி செய்யும்போதும் வந்தால் நரம்பு சார்ந்த தசைக் கோளாறாக இருக்கலாம், நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். ஜெர்மன் வீரர் பெர்ன்ஹார்ட் லாங்கர் பலமுறை இதில் சிக்கி, ஒவ்வொரு முறையும் பிடியையோ பட்டரையோ (பட் அடிக்கும் கிளப்பையோ) மாற்றி மீண்டார், 1985இலும் 1993இலும் மாஸ்டர்ஸ் வென்றார். யிப்ஸ் வந்தால் எல்லாம் முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மாத்திரை பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மேடைப் பயத்துக்கு நம் ஊரில் தாராளமாகக் கைமாறும் புரோப்பிரனோலால், பீட்டா பிளாக்கர் வகை. கோல்ஃப் போட்டியின்போது அது தடைசெய்யப்பட்டது. ரத்த அழுத்தத்துக்காக மருத்துவர் கொடுத்திருந்தாலும், முன்கூட்டியே சிகிச்சை விலக்கு அனுமதி வாங்க வேண்டும். சளி மருந்துகளில் உள்ள சூடோஎஃபெட்ரினும் அளவு மீறினால் சிக்கல். மருந்துப் பட்டியல் தயாராக வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

14. எத்தனை வாரம் தொடர்ந்து ஆடுவது

மூன்று வாரம் தொடர்ந்து, பிறகு ஒரு வாரம் ஓய்வு என்பது நான் சொல்லும் கணக்கு. அந்த ஓய்வு வாரத்தின் முதல் மூன்று நாள் கிளப்பைத் தொடக் கூடாது. கட் தவறியதும் அடுத்த ஊருக்கு ஓடிப் போய்க் கூடுதலாகப் பயிற்சி செய்வதால் பலனில்லை. கிடைத்த இரண்டு நாளையும் தூங்கித் தீர்ப்பது மேல்.

காலை நாடித் துடிப்பு இறங்காமல் இருப்பது, சாப்பாட்டில் விருப்பமின்மை, மைதானத்துக்குப் போகவே மனம் ஒவ்வாமை, தூக்கமின்மை இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அட்டவணையிலிருந்து போட்டிகளை அடியுங்கள். அமெரிக்க வீரர் மேத்யூ வுல்ஃப் 2021இல் மனநலம் கருதி இரண்டு மாதம் ஒதுங்கியிருந்து, யூஎஸ் ஓப்பனில் திரும்பி வந்தார். ஒதுங்குவதற்குப் பெரிய பெயரும் பணமும் வேண்டியதில்லை. நண்பரிடமோ பயிற்சியாளரிடமோ பேச முடியாவிட்டால், மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இல் தமிழிலேயே எந்நேரமும் பேசலாம். அந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள், கேடியின் ஃபோனிலும் இருக்கட்டும்.